எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாமல் கோடையைக் கழிப்பது எப்படி?

சித்திரை பிறந்துவிட்டால் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்துக்கு வேலை கூடிவிடும். மதியம் வரும் அறிக்கையில் மேற்கு மாவட்டங்களுக்கு இடியுடன் மழை, உள் மாவட்டங்களுக்கு வெப்பம், கடலோர மாவட்டங்களுக்குப் புழுக்கம், மீனவர்களுக்குத் தனிப் பத்தி என்று ஆளாளுக்கு ஏதாவது இருக்கும். இத்தனையையும் படித்து, அதன்படி நடந்துகொண்டால் வாழ்க்கையில் சுவாரசியம் என்ன மிஞ்சும்? ஆகவே இந்தக் கையேடு. இதில் சொல்லப்படும் முறைகள் எல்லாம் தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கையாளப்பட்டு வருபவை.

1. அறிக்கையைப் படிக்கும் முறை

முதலில், விடுமுறை உண்டா என்று மட்டும் பாருங்கள். சென்னை வானிலை மைய இயக்குநராக இருந்த ரமணன் தொலைக்காட்சியில் தோன்றிய காலத்திலிருந்தே வானிலை அறிக்கைக்கு நாம் கொடுத்திருக்கும் ஒரே வேலை அதுதான். மே மாதத்தில் பள்ளிகள் மூடித்தான் கிடக்கின்றன. எனவே அந்த மாத அறிக்கை யாருக்கும் தேவையில்லை.

"ஓரிரு இடங்களில்" என்று இருந்தால், அது பக்கத்து மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதியில் உள்ள நிலையங்களில் கால் பங்கு வரை மழை பெறலாம் என்பதற்கான கணக்கு அது. பாதிவரை போனால் "சில", முக்கால்வரை போனால் "அநேக", அதற்கும் மேல் "பெரும்பாலான" என்று அளந்துதான் எழுதுகிறார்கள். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் அறிக்கை பொய்த்தது என்று டீக்கடையில் பேச முடியாமல் போகும். தெரிந்துகொள்ளாதீர்கள்.

எச்சரிக்கை நிறங்களும் அப்படியே. மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. நீங்கள் மஞ்சளில் சிரிக்கவும். ஆரஞ்சில் வாட்ஸ்ஆப்பில் அனுப்பவும். சிவப்பில் "நம்ம ஏரியாவுல ஒண்ணுமே இல்லையே" என்று வாசலில் நின்று வானத்தைப் பார்க்கவும்.

2. வெயிலை வெல்லும் முறை

"நாங்க பார்க்காத வெயிலா?" இந்த மந்திரத்தை நாளுக்கு மூன்று முறை, தண்ணீர் குடிக்காமல் சொல்லவும்.

எண்ணைப் பார்த்து ஏமாறக் கற்றுக்கொள்ளுங்கள். வேலூரில் 41, சென்னையில் 37 என்றால் சென்னை குளிர்ச்சி என்று முடிவு கட்டலாம். வெப்ப அலை என்று அறிவிக்கச் சமவெளிக்கு 40 டிகிரியும் கடலோரத்துக்கு 37 டிகிரியுமே வரம்பு. அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். கடலோரத்துக்கு ஏன் இந்தச் சலுகை என்று யோசிக்க வேண்டாம். யோசித்தால், வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காய்ந்தால்தான் குளிரும், ஈரம் நிறைந்த காற்றில் அது காய்வதே இல்லை என்பதெல்லாம் புரிந்து தொலைக்கும்.

அந்த 37-ஐயும் நிழலில், காற்றோட்டமான வெள்ளை மரப்பெட்டிக்குள் வைத்துத்தான் அளக்கிறார்கள். நீங்கள் நிற்பதோ மேம்பாலத்து சிக்னலில், முன்னால் ஒரு மாநகரப் பேருந்து புகை விட, தார் கொதிக்க. இந்த வித்தியாசத்தைச் சொல்பவரிடம் மேற்படி மந்திரத்தையே திருப்பிச் சொல்லவும்.

கடற்காற்றையும் நம்புங்கள். அது நண்பகலுக்குள் ஊருக்குள் நுழைந்தால் சென்னை பிழைத்தது. மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்று வலுத்துவிட்டால், கடற்காற்றைப் பிற்பகல்வரை கரையிலேயே நிறுத்திவிடும். வங்கக் கடலில் உருவாகும் மே மாதப் புயல் மழை தராமல் வடக்கே நழுவும்போது இந்த வேலை இன்னும் நன்றாக நடக்கும். புயல் நமக்கு இல்லை என்ற மகிழ்ச்சியில் அன்றைக்கே திறந்தவெளியில் கல்யாணப் பந்தி வைக்கலாம்.

பஞ்சாங்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மே கடைசியில் கத்திரி முடிந்த மறுநாளே குடையைப் பரணில் போட்டுவிடலாம். 2003-ல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது மே 31 அன்று. சூரியனுக்குப் பஞ்சாங்கம் படிக்கத் தெரியவில்லை என்றால் அது உங்கள் குற்றமல்ல.

வெயிலில் வேலை செய்தவர் உளற ஆரம்பித்தால் "பித்தம்" என்று சொல்லிவிட்டு நகரவும். மயங்கி விழுந்தால் சுற்றி நின்று காற்றை மறைத்துக்கொண்டு, நினைவில்லாத வாயில் சோடாவை ஊற்றவும். நிழலுக்குத் தூக்கிப் போவது, உடுப்பைத் தளர்த்துவது, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து விசிறுவது, 108-ஐ அழைப்பது ஆகியவை இந்தக் கையேட்டின் கொள்கைக்கு விரோதமானவை. அவற்றால் ஆள் பிழைத்துவிடக்கூடும்.

3. இடி மழையை வரவேற்கும் முறை

நாள் முழுக்கக் காய்ந்த நிலம் மாலையில் மேகத்தைக் கிளப்பும். சூறைக்காற்று முதலில் வரும், மழை பிறகு வரும். வேப்பமரக் கிளை, தகரக் கூரை, வாழ்த்துப் பேனர் எல்லாம் பறப்பது இந்த இடைவேளையில்தான். வண்டியை அந்தப் பேனருக்குக் கீழேயே நிறுத்தவும். மழைக்கு மறைவாக இருக்கும்.

மின்னல் மழையோடுதான் வரும் என்று நம்புங்கள். மேகத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளிக்கூட அது விழக்கூடும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால், கூரையுள்ள கட்டடத்துக்குள் போய்விட வேண்டும் என்பார்கள். ஆனால் மொட்டை மாடியில் நிலவரம் வேறு:

"அம்மா, இடி இடிக்குது, கீழ வா."

"இருடா, இன்னும் ரெண்டு வேட்டிதான் பாக்கி. ஜவ்வரிசி வடாம், நனைஞ்சா கூழாயிடும்."

"சரி, அப்படியே நில்லும்மா. உனக்குப் பின்னாடி மின்னல் சூப்பரா விழுது, வீடியோ எடுக்கறேன்."

மகன் சாய்ந்து நிற்பது தொட்டிக்குப் போகும் இரும்பு ஏணியில். இருவரும் கையேட்டை வரிக்கு வரி பின்பற்றுகிறார்கள். வயலில் இருப்பவர்கள் தனிமரத்தடிக்கு ஓடவும். ஆட்டையும் கூட்டிக்கொள்ளவும்.

4. கடலில் இறங்கும் முறை

வானம் தெளிவாக இருந்தால் கடலும் நல்லது என்பது முதல் பாடம். கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதன் பெயர் கள்ளக்கடல். தெற்கே, பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலின் கோடியில் அடித்த புயலின் அலை, நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வரும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. அலை தூரத்திலிருந்து வருவதால்தான் ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையத்தால் முன்கூட்டியே சொல்ல முடிகிறது. பெரிய அலைகள் வரிசையாக வந்து முடிந்ததும் சற்று நேரம் கடல் சாதுவாகக் கிடக்கும். செல்ஃபிக்கு ஏற்ற நேரம் என்று தோன்றுவது அப்போதுதான்.

இங்கே கேலியைச் சற்று நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் அலையில் போனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியாகியிருந்த நாட்கள் அவை. எச்சரிக்கை வெளியாவது ஒன்று. கல்யாணத்துக்கோ சுற்றுலாவுக்கோ வெளியூரிலிருந்து வந்து, காலையில் கடலைப் பார்க்க ஆசைப்படுபவர் காதில் அது விழுவது வேறொன்று. கரையிலிருந்த மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கும் வழக்கம் நமக்கு இல்லை.

மெரினாவுக்கும் ஒரு குறிப்பு. நுரைத்து உடையும் அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் தட்டையாக, அமைதியாகத் தெரிந்தால் குழந்தையை அங்கே இறக்கத் தோன்றும். நீர் கடலுக்குத் திரும்பும் பாதை அது. இழுத்துக்கொண்டு போனால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போங்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அந்த இழுப்பிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள்.

5. உயர்நிலைப் பயிற்சி: எச்சரிக்கையை அடுத்தவர் தலையில் இறக்குதல்

இதுவரை சொன்னவை ஆரம்பப் பாடங்கள். தேர்ந்தவர்கள் அறிக்கையை மதிப்பவர்கள். காலை 11 முதல் பிற்பகல் 3 வரை வெளியே போகாதீர்கள் என்றால் போகவே மாட்டார்கள். குளிர்சாதனத்தை 22-ல் வைத்துக்கொண்டு, 1 மணிக்கு பிரியாணி வரவழைப்பார்கள். பத்து நிமிடம் தாமதமானால் ஒரு நட்சத்திரத்தைக் குறைப்பார்கள். வந்த பையனிடம் "லிஃப்ட்ல வராதீங்க தம்பி, படியில வாங்க" என்பார்கள். எதிர்மனையில் கம்பி கட்டுபவருக்கும், சாலையில் தார் ஊற்றுபவருக்கும், வாயிற்காவலருக்கும் அந்த அறிவுரையைக் கடைப்பிடிக்க அன்றைய கூலியை விட்டுக்கொடுக்க வேண்டும். அறிக்கை எல்லோருக்கும் ஒன்றுதான். கீழ்ப்படிய வசதி வேண்டும்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். ஒரு பந்தல், ஒரு மோர்ப்பானை, ஒரு மணி நேர ஓய்வு ஆகியவற்றுக்கு அவ்வளவு ஆகாது. ஆனால் அவற்றை உயிரோடு இருப்பவருக்கு அல்லவா கொடுக்க வேண்டியிருக்கும்!

6. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவ்வளவும் செய்தால் நமக்கு ஏதாவது ஆகுமா?

பெரும்பாலும் ஆகாது. இந்த முறை தலைமுறை தாண்டி நிலைத்திருப்பதன் ரகசியம் அதுதான். ஒன்பது முறை ஒன்றும் ஆகாதவர் பத்தாவது முறையும் இறங்குவார். அவர் சொல்வதைக் கேட்டு இன்னும் நாலு பேர் இறங்குவார்கள்.

எச்சரிக்கை பலிக்காவிட்டால் யாரைத் திட்டுவது?

வானிலை மையத்தை. பலித்தால் அரசாங்கத்தை. மூன்றாவதாக ஒருவரைத் தேட வேண்டாம், அவர் கண்ணாடியில் இருக்கிறார்.

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால்?

1-ஆம் எண் என்றால் "ஒண்ணுதானே" என்று சொல்லவும். 3 என்றால் "இன்னும் நிறைய இருக்கே" என்று சொல்லவும். வரிசை 11 வரை போகிறது. 10 பெரும் அபாயம். அதற்கும் மேலுள்ள 11, வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துபோனதைக் குறிப்பது. இந்தக் கையேட்டைப் பின்பற்றும் குடும்பங்கள் அதை வீட்டு வாசலில் நிரந்தரமாகவே ஏற்றிவைத்துக்கொள்ளலாம்.