கொடியியல்: மொட்டைமாடித் துணிகளின் எண்வகை வனப்பு

கொடி இரு வகைப்படும். நாம் துவைத்த துணி தொங்குவது ஒன்று; பிறர் துவைத்த துணி தொங்குவது மற்றொன்று. முன்னதில் வேலை உண்டு, வனப்பு இல்லை. வனப்பு முழுவதும் பின்னதில்தான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

இதற்கு முன்னோடி ஒருவர் உண்டு. ஒரு பொருளால் நமக்கு ஆதாயமும் அதன்மேல் ஆசையும் இல்லாதபோது பிறக்கும் மகிழ்ச்சியே தூய அழகுணர்ச்சி என்று 1790-இல் இமானுவேல் காண்ட் எழுதினார். அப்படி எழுதும் நிதானம் அவருக்கு வாய்த்ததில் வியப்பில்லை. மார்ட்டின் லாம்ப்பே என்ற பணியாள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் வீட்டில் இருந்தார். ஈரத்துணி பக்கெட்டோடு மூன்று மாடி ஏறியவர் கொடியை நிமிர்ந்து பார்ப்பது இரண்டே காரியத்துக்காக: இடம் இருக்கிறதா, மேகம் இருக்கிறதா.

ஆகவே ஆய்வாளன் அடுத்த வீட்டுக் கொடியைக் களமாகக் கொண்டான். இதில் ஓர் இடர்ப்பாடு. "என்ன தம்பி, ரொம்ப நேரமா எங்க துணியையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று எதிர்மாடி அம்மா கேட்டால், "செய்யுளியல் பார்க்கிறேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. காக்கைக்குச் சோறு வைக்கும் வேளையே களப்பணிக்கு உகந்தது. மாடியில் நிற்க அப்போது ஒரு நியாயம் இருக்கும்.

முதலில் கயிறு. இரு முனையும் கட்டித் தொங்கவிட்ட கயிறு எந்த வடிவில் தொய்யும்? 1638-இல் வந்த நூலில் கலிலியோ அதைப் பரவளையத்தோடு ஒப்பிட்டார். 1690-இல் யாக்கோபு பெர்னூலி இதையே ஒரு சவாலாக விடுத்தார். மறு ஆண்டே அவர் தம்பி யோஹான், லைப்னிட்ஸ், ஹைகன்ஸ் ஆகிய மூவரும் விடையோடு வந்தார்கள்: அது பரவளையம் அன்று, சங்கிலியம் என்னும் வேறு வளைவு. கொடி லேசாகத் தொய்ந்திருக்கும் வரை இரண்டுக்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது; ஆகவே மொட்டைமாடி அளவில் கலிலியோ குற்றமற்றவர். ஈர ஜமுக்காளம் விழுந்த பிறகு உண்டாகும் வடிவத்துக்கு மட்டும் கணிதம் போதாது, நடுவில் ஒரு மூங்கில் கழியை முட்டுக்கொடுக்க வேண்டும்.

இனி வனப்பு. தொல்காப்பியர் அதை எட்டாக வகுத்தார்: அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு. எட்டில் ஒன்றுதான் அழகு என்பதை வாசகர் குறித்துக்கொள்க, பின்னால் தேவைப்படும். அவர் செய்யுளுக்குச் சொன்னதைத் துணிக்குச் சொல்லலாமா என்று புலவர்கள் தடை எழுப்பலாம். நூலால் ஆனது எதற்கும் பொருந்தும் என்பது எம் விடை.

அம்மை என்பது சில சொல்லால், மென்சொல்லால் அமைவது. நீண்ட கயிற்றில் ஒரே ஒரு கைக்குட்டை ஆடுவதை இதற்குக் காட்டலாம். மணமாகாத இளைஞர் தங்கும் அறைகளின் வாசலில் இது மிகுதி. மற்றத் துணிகள் இன்னும் துவைக்கப்படவில்லை என்று உரை கொள்க. தேடிப் பொருள் காண வேண்டாத, வழக்குச் சொல்லால் வருவது புலன்: கட்டம் போட்ட லுங்கி. தோல் என்பது விழுமியதை நெடிது உரைப்பது என்பதால் ஐந்தரை மீட்டர் சேலைக்கு அது தானே பொருந்தும். இயைபு ஈற்றெழுத்தை வைத்துச் சொல்லப்படுவது. காலுறைகள் யாவும் ஈற்றில் ஓட்டையோடு முடிவதை இதில் அடக்கினேன், மறுப்போர் மறுக்கலாம்.

தொன்மையை இப்படிக் கடந்துபோக முடியாது. உரையோடு கலந்து பழங்கதை கூறுவது தொன்மை. உரையாசிரியர் பேராசிரியர் இதற்குப் பெருந்தேவனார் பாரதத்தையும் தகடூர் யாத்திரையையும் எடுத்துக்காட்டினார். நான் ஒரு மதுரைச் சுங்குடியை எடுத்துக்காட்டுவேன். முதலில் அது தீபாவளிச் சேலை. பிறகு வீட்டில் கட்டும் சேலை. பிறகு பாதி தூளியாகித் தொங்கியது, பாதி தலையணைக்கு உறையானது. இப்போது எஞ்சிய முழத்துண்டு அடுப்படிக் கரித்துணியாகக் கொடியின் ஓரத்துக்கு வந்திருக்கிறது. துணியைக் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கினால், கட்டிய இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி விழும், அதுதான் சுங்குடி. யாரோ ஒரு பெண் விரலால் கட்டிய அந்தப் புள்ளிகளில் இரண்டு மூன்று, எண்ணெய்க் கறைக்கு நடுவே இன்னும் தெரிகின்றன. புவிசார் குறியீடு பெற்ற கைவேலை, தினமும் தோசைக்கல்லைப் பிடித்து இறக்குகிறது. காப்பியத் தலைவிகளில் பலருக்கு இத்தனை அனுபவம் இல்லை.

விருந்து என்பது புதிதாகப் புனைவது. முதல் துவைப்பில் சாயம் விட்ட சட்டையும், அதன் அருகில் கிடந்த பாவத்துக்கு ரோஜா நிறமான வெள்ளைப் பனியனும் சேர்ந்து இவ்வனப்பை உண்டாக்கும். நம் வீடுகளில் இது சண்டைக்குக் காரணமாகக் கருதப்படுகிறது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டத்துணி இப்படிச் சாயம் விட்டபோது, அங்கிருந்த விளம்பரக்காரர்கள் கலங்கவில்லை. சாயம் போவதே இதன் சிறப்பு, ஒவ்வொரு துவைப்பிலும் நிறம் மாறும் என்று சொல்லி விற்றார்கள். எந்தக் குற்றத்துக்கும் எட்டில் ஒரு வனப்பு காத்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இழைபு, வல்லெழுத்து அடர்ந்து வராத மென்மை. கைக்குழந்தை உள்ள வீட்டுக் கொடி. காண்ட் சொன்ன பற்றற்ற கண்ணோடு இதைப் பார்க்க எவராலும் முடிவதில்லை, "என்ன குழந்தைங்க?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

வெளியே சொல்லாமல் உள்ளே வைத்துச் சொல்லும் உள்ளுறையும் கொடியில் உண்டு. உள்ளாடைகள் துண்டுக்கு அடியில் மறைந்தே உலர்த்தப்படுகின்றன. விளைவு, துண்டு மொடமொடவென்று காய்ந்தாலும் உள்ளுறை மாலை வரை ஈரமாகவே இருக்கிறது.

நிறத்தில் ஆராய வேண்டியது நீலம் ஒன்றுதான். சலவைக்குப் போட்ட பழைய நீலப்பொடி, ஓவியர்களின் அல்ட்ராமரீன் நிறமியே. ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையில் வெட்டிய கல்லை அரைத்து, பெரும் விலை கொடுத்து வாங்கி, ஐரோப்பிய ஓவியர்கள் மரியாளின் மேலங்கிக்குப் பூசிய நீலம் அது. அதைச் செயற்கையாகச் செய்யும் வழிக்கு 1828-இல் பிரெஞ்சுக்காரரான கிமே பரிசு பெற்றார். அப்புறம் அது மளிகைக்கடைக்கு இறங்கி நம் வேட்டிக்கு வந்தது. மஞ்சளேறிய துணியில் சிறிது நீலம் சேர்ந்தால் கண் அதை வெள்ளை என்று ஒப்புக்கொள்ளும். சரியாகக் கரைக்காவிட்டால் திட்டுத் திட்டாக விழும். கட்டியிருப்பவர் மரியாளை நினைத்துப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மணத்தையும் விடலாகாது. வெயிலில் காய்ந்த துணியில் முகம் புதைப்பவர் உண்டல்லவா? கோபன்ஹேகன் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் துவாலைகளை வெயிலிலும் நிழலிலும் வீட்டுக்குள்ளும் உலர்த்திப் பார்த்து, வெயிலில் காய்ந்ததில் மட்டும் சில ஆல்டிஹைடுகளும் கீட்டோன்களும் இருப்பதை 2020-இல் வெளியிட்டார்கள். ஐப்பசி அடைமழையில் வீட்டுக்குள் கயிறு கட்டி, மின்விசிறிக்கு அடியில் மூன்று நாள் கிடந்த துணியின் வாடைக்கு மொராக்செல்லா என்ற நுண்ணுயிரைக் காரணமாகக் காட்டினார்கள் ஜப்பானியர். இவ்வாடைக்கு எட்டில் எதிலும் இடம் கிடைக்கவில்லை. முயன்றேன்.

கவனமாகப் படித்தவர் கேட்பார்: எட்டு என்றீர், ஏழுதானே வந்தது? அழகு எங்கே? செய்யுளுக்கே உரிய சொல்லை அடுக்கிச் சீர்ப்படப் புனைவது அழகு. அப்படி ஒரு கொடி களத்தில் அகப்படவில்லை.

இதற்கிடையே எங்கள் குடியிருப்பின் நலச்சங்கம் ஓர் அறிவிப்பு ஒட்டியது: முன்பக்க பால்கனியில் துணி உலர்த்தக் கூடாது, கட்டடத்தின் அழகு கெடுகிறது. கெடுவது எட்டில் ஒன்று, கூடுவது ஏழு. கணக்கு எங்கள் பக்கம் இருந்தது. இவ்வாய்வின் படி ஒன்றைச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்பது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் லிஃப்ட் அருகே என்னை நிறுத்தினார்.

"படிச்சேன் தம்பி. புலனுக்கு லுங்கியைக் காட்டினீங்க பாருங்க, அது சரி. இயைபுதான் கொஞ்சம் இடிக்குது. அழகுக்கு மட்டும் உதாரணம் கிடைக்கலைன்னு எழுதியிருக்கீங்க?"

"ஆமாங்கய்யா."

"நான் தர்றேன், சேத்துக்குங்க. துணி இல்லாத முன்பக்க பால்கனி. மிச்சம் ஏழையும் மாடியில காயப்போடுங்க."