நிறுத்தும்போது அணைகிற எஞ்சின்

சத்தியமங்கலத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஐடிலிங் குறைவது சின்னக் கோளாறு இல்லை. பண்ணாரி தாண்டித் திம்பம் ஏறினால் 27 கொண்டை ஊசி வளைவுகள். லோடு லாரி ஒன்று வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டு திரும்பும்போது நாம் ஓரங்கட்டி நின்றே ஆக வேண்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கிளட்சை மிதித்து, பிரேக் போடுகிற அந்த நேரத்தில் எஞ்சின் இறங்கி இறங்கி அணைந்துபோனால் ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளப் பார்க்கும். இறக்கத்தில் அதைவிட மோசம்.

எண்பதுகளில் என் மாமா வாடகைக்கு ஓட்டியது அம்பாசிடர் மார்க் 4. அதன் கார்புரேட்டரில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். ஒன்று, காலை எடுத்த பிறகும் காற்றுத் தட்டு எவ்வளவு திறந்து நிற்க வேண்டும் என்பதற்கு. இன்னொன்று, அந்த நிலையில் பெட்ரோல் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதற்கு. "நிறுத்துனா ஆஃப் ஆயிருதுங்க" என்று எந்தப் பட்டறைக்குப் போனாலும் திருப்புளியை எடுத்து முதல் ஸ்க்ரூவை அரைச் சுற்று முறுக்குவார்கள். எஞ்சின் குரல் உயரும். "இப்பப் பாருங்ணா, நிக்கவே நிக்காது." காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் காலத்து வைத்தியத்தைப் பலர் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் கிடையாது. ஜெட்டில் தூசி அடைத்திருக்கலாம், பாயிண்ட் தேய்ந்திருக்கலாம், கார்புரேட்டர் அடியில் கேஸ்கட் விட்டுக் காற்று புகுந்துகொண்டிருக்கலாம். எதுவானாலும் ஸ்க்ரூவை முறுக்கினால் வண்டி ஓடும், காரணம் உள்ளேயே கிடக்கும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். திம்பத்திலிருந்து இறங்கும்போது காலை எடுத்த பிறகும் எஞ்சின் வண்டியை முன்னால் தள்ளும், பிரேக் டிரம் சூடேறும். போதாததற்கு, கீழே சத்தியில் சரிசெய்த கலவை ஆசனூர் உயரத்துக்குப் பொருந்தாது. அங்கே காற்று மெலிவு, பெட்ரோல் பங்கு கூடிவிடும், மறுபடி தடுமாற்றம்.

ஸ்க்ரூவைத் தொடாமல் தொடங்கிய ஒரே மெக்கானிக் வயதானவர். ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையைக் கார்புரேட்டரின் அடிப்பாகத்தைச் சுற்றி மெல்ல நகர்த்துவார். ஓரிடத்தில் கை நின்றுவிடும். "இங்க மூச்சு உடுது சாமி, கேளு" என்று என் காதில் வைத்தார். எஞ்சின் இரைச்சலுக்குள்ளே மெல்லிய 'உஸ்'. கேஸ்கட் மாற்றிய பிறகு ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கும் கீழே இறக்கினார். வண்டி நின்ற இடத்தில் அமைதியாக ஓடியது.

இன்று அந்த ஸ்க்ரூ இல்லை. கார்புரேட்டர் போய், இன்ஜெக்‌ஷன் வந்து, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதிகளும் வந்துவிட்டன. ஐடிலிங்கை எழுநூறு எண்ணூறு சுற்றில் வைத்திருப்பது கம்ப்யூட்டரின் வேலை. முறுக்கி மறைக்க வழியில்லாததால் காரணத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். இது நல்ல மாற்றம் என்றே சொல்வேன். ஆனால் ஆபத்தின் இடமும் மாறியிருக்கிறது. மாமா வண்டியில் பிரேக்குக்கு பூஸ்டர் கிடையாது. எஞ்சின் அணைந்தாலும் கால் பலத்தில் பிடித்த பிரேக் அப்படியே பிடிக்கும். இன்றைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் எஞ்சின் உறிஞ்சும் வாக்யூம்தான் பிரேக் பூஸ்டருக்குத் துணை. எஞ்சின் அணைந்தால் ஓரிரு மிதிக்குத்தான் அது தாங்கும், பிறகு பெடல் கல்லாகிவிடும். பூஸ்டர் இல்லாத காலத்தில் எரிச்சலாக இருந்த கோளாறு இப்போது பிரேக் கோளாறு.

என் கார் பண்ணாரி சோதனைச் சாவடியில் அணைய ஆரம்பித்தது. யானைகளையும் மான்களையும் காப்பாற்ற 2022 பிப்ரவரியில் இரவுப் போக்குவரத்துத் தடை வந்த பிறகு, அதிகாலையில் அங்கே வண்டிகள் வரிசை கட்டும். நகர்ந்து நகர்ந்து நிற்கிற வரிசை. சர்வீசுக்கு விட்ட இடத்தில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, "எர்ரர் கோடு எதுவும் இல்லைங்க சார், வண்டி ஓகே" என்றார்கள்.

சத்தியிலேயே ஒரு பட்டறையில் இளைஞர் ஒருவர் முதலில் கேள்விதான் கேட்டார்: "நிறுத்தறப்ப ஆஃப் ஆகுதுங்களா, நின்ன பொறகு ஆஃப் ஆகுதுங்களா?" நோய் அறிவதில் பாதி இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது. கியரில் ஓடும்போது காலை எடுத்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். சுற்று ஓரளவு இறங்கியதும் மறுபடி ஊற்றும். அந்த நொடியில் போதுமான காற்று உள்ளே வராவிட்டால் எஞ்சின் தாங்காமல் அணையும். நின்ற பிறகு ஏ.சி. கம்ப்ரஸர் சேரும்போது தடுமாறினால் வேறு கதை. பிரேக் பெடலை மிதிக்கும்போதெல்லாம் ஐடிலிங் ஆடினால் பூஸ்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

அவர் ஸ்கேனரைத் தள்ளி வைக்கவில்லை. கோடு பார்ப்பதற்குப் பதிலாக, ஓடுகிற எஞ்சினின் எண்களைப் பார்த்தார். காற்றுத் தட்டு ஐடிலிங்கில் வழக்கத்தைவிட அதிகம் திறந்திருந்தது. அடைப்பை ஈடுகட்டக் கம்ப்யூட்டர் தன்னால் முடிந்தவரை திறந்துகொண்டே போயிருக்கிறது. அதனால்தான் எர்ரர் கோடு பதிவாகவில்லை. சாவியை எடுத்துவிட்டு, காற்றுக் குழாயைக் கழற்றி, த்ராட்டில் பாடியைக் காட்டினார். தட்டின் விளிம்பைச் சுற்றிக் கறுப்பாக, எண்ணெய் பிசுபிசுப்போடு கரி. எஞ்சினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய்ப் புகை அங்கே படிந்து படிந்து இறுகியது. சந்தைக்கும் பஸ் ஸ்டாண்டுக்குமாக ஓடுகிற வண்டிகளில் இது சீக்கிரம் சேர்கிறது என்றார். கிளீனரைத் துணியில் நனைத்து, சுரண்டாமல் துடைத்தார். தட்டை விரலால் அழுத்தித் திறக்கக்கூடாது, உள்ளே இருக்கும் சின்ன கியர் உடைந்துவிடும் என்பதையும் சொன்னார்.

துடைத்ததும் ஐடிலிங் உயர்ந்துபோய்க் கத்தியது. பயப்பட வேண்டாம் என்றார். பழைய அடைப்புக்குப் பழகிய கம்ப்யூட்டருக்குப் புது அளவைக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஸ்கேனரிலேயே அதற்கு வழியிருந்தது. பிறகு ஏ.சி., லைட் எல்லாம் அணைத்து எஞ்சின் சூடாகும்வரை ஓடவிட்டார்.

கரி கிடைத்துவிட்டதே என்று அத்தோடு விடவில்லை. மலை ஏறுகிற வண்டியாயிற்றே என்று பூஸ்டரையும் பார்த்தார். அதற்குக் கருவி வேண்டியதில்லை, நானும் கற்றுக்கொண்டேன். எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதிக்க வேண்டும். காலை எடுக்காமல் அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பூஸ்டர் நன்றாக இருந்தால் பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கும். இறங்காவிட்டால் குழாயையோ அதிலுள்ள வால்வையோ பூஸ்டரையோ பார்த்தாக வேண்டும். திம்பம் ஏறப்போகும் யாரும் வீட்டு வாசலிலேயே இதைச் செய்துவிட்டுக் கிளம்பலாம், ஒரு நிமிடம்கூட ஆகாது.