முதலில் பந்து மேஜையில் விழட்டும்

கேள்வி: டேபிள் டென்னிஸில் அடித்து ஆடுவதே என் வழக்கம். இருப்பதிலேயே வேகமான ரப்பரை வாங்கி ஒட்டிவிடலாமா? (வாசகர், சின்னசேலம்)

பதில்: பந்து பறக்க வேண்டுமா, மேஜையில் விழ வேண்டுமா? மேஜையின் நீளமே 2.74 மீட்டர்தான். வேகமாக அடித்த பந்தைக் கீழே இழுத்து உள்ளே போடுவது டாப்ஸ்பின். அதற்கு வேகத்தைவிடப் பிடிப்புள்ள ரப்பர்தான் முக்கியம். 1952இல் பம்பாயில் ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்ச் மட்டையால் உலகப் பட்டம் வென்றது உண்மை. ஆனால் சத்தமே எழுப்பாத அந்த மட்டை எதிராளிகளுக்குப் புதிது. 1959இல், மட்டையின் ஒரு பக்கத்தில் ரப்பர், ஸ்பாஞ்ச், பசை எல்லாம் சேர்த்து 4 மி.மீ.தான் என்று விதி வந்துவிட்டது. இன்று ஸ்பாஞ்ச் எல்லோரிடமும் இருக்கிறது.

“நம் சரத் கமல் அடித்து ஆடித்தானே 2006இலும் 2022இலும் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வென்றார்?” என்பீர்கள். ஆமாம், அந்த வேகத்தை அடக்கியாளப் பல வருடப் பயிற்சி இருந்தது. 2018இல் காமன்வெல்த் மகளிர் ஒற்றையர் தங்கத்தை வென்ற மனிகா பத்ராவின் பேக்ஹேண்டில் இருந்ததோ, வேகத்தை விழுங்கும் லாங் பிம்பிள்ஸ் ரப்பர்! நீங்கள் 1.8 முதல் 2 மி.மீ. ஸ்பாஞ்ச் உள்ள, பந்தைக் கவ்விச் சுழற்றும் ரப்பரை வாங்குங்கள். பத்து டாப்ஸ்பின்னில் எட்டு உள்ளே விழத் தொடங்கியதும் ‘மேக்ஸ்’ எனப்படும் அதிகபட்ச ஸ்பாஞ்ச் தடிமனைக் கேளுங்கள்.