வண்டிக்கும் வெந்நீர் வைக்கும் ஊர்

சாஸ்கடூன், கனடா
நவம்பர் 18

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

சென்ற கடிதத்தில் தாங்கள் என் உத்தியோகத்தைப் பற்றி ஒரு வரியும், சம்பளத்தைப் பற்றி ஒரு வரியும், நான் வாங்கியிருக்கும் பழைய டீசல் வண்டியைப் பற்றி ஒன்றரைப் பக்கமும் விசாரித்திருந்தீர்கள். சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்து ஆயுளைக் கழித்தவர் வேறு எவ்விதம் விசாரிப்பார்? ஆகையால் மற்றச் சமாசாரங்களைச் சுருக்கிக்கொண்டு வண்டி விஷயத்தையே விஸ்தாரமாக எழுதுகிறேன். அத்தைக்கு வாசித்துக் காட்டும்போது நடுப்பகுதியைத் தாண்டிக்கொள்ளலாம். கடைசியில் அவர்களுக்கும் ஒரு சங்கதி இருக்கிறது.

வண்டி 1990-ஆம் வருஷத்து பிக்கப். எட்டு சிலிண்டர், 7.3 லிட்டர், டர்போ கிடையாது. நம் ஊரில் ஆறு சிலிண்டர் லாரி ஒரு குடும்பத்தையும் ஒரு டிரைவரையும் ஒரு கிளீனரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அசாம் வரையில் போய்வருகிறது. இவ்விடத்து மனிதர்களோ எட்டு சிலிண்டரை முழக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் இரண்டு பை உருளைக்கிழங்கு வாங்கி வருகிறார்கள். நான் வேலை செய்யும் விவசாயக் கருவிப் பட்டறை ஊருக்கு வெளியே இருப்பதாலும், அந்தத் திசையில் பஸ் இல்லாததாலும், எனக்கும் அந்த ஆடம்பரம் தவிர்க்க முடியாததாயிற்று.

இவ்வூர்க் குளிரைப் பற்றித் தங்களுக்கு ஓர் அபிப்பிராயம் ஏற்பட்டாலன்றி மேலே சொல்லப்போவது விளங்காது. ஜனவரி இரவில் பூஜ்யத்திற்குக் கீழே இருபது டிகிரி என்பது சர்வ சாதாரணம். முப்பதுக்குப் போனால், இன்று சற்றே குளிர்தான் என்று ஜனங்கள் ஒப்புக்கொள்கிறார்கள். நாற்பதைத் தொட்டுவிட்டால் செல்ஸியஸா, பாரன்ஹீட்டா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை, ஏனெனில் அந்த ஓரிடத்தில் இரண்டு அளவுகளும் ஒன்றாகிவிடுகின்றன. அமெரிக்கரும் கனடியரும் வாதமின்றி ஒத்துப்போகும் அபூர்வமான விஷயங்களில் அதுவும் ஒன்று. இத்தகைய பிரதேசத்தில் ஓடும் மோட்டார் வண்டி ஒவ்வொன்றுக்கும் முன்புறத்து கிரில்லின் வழியாக ஒரு மின்சார ஒயர் தொங்கிக்கொண்டிருக்கும். எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலண்ட் நீரைச் சுடவைக்கும் ஹீட்டருக்கு அந்த ஒயர் போகிறது. மாலையில் வீடு திரும்பியவர் தம் பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பே அதைச் சுவரிலுள்ள பிளக்கில் செருகிவிடுவார். ஆபீஸ்களில் வண்டி நிறுத்தும் மைதானத்தில்கூட வரிசையாகக் கம்பம் நட்டு, கம்பத்துக்குக் கம்பம் பிளக் வைத்திருக்கிறார்கள். மனிதன் அவசரத்தில் குளிக்காமல் கிளம்பினாலும் கிளம்பலாம். வண்டிக்கு வெந்நீர் தப்பக் கூடாது என்பது இவ்வூர் ஆசாரம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ருடால்ஃப் டீசல் என்ற மகானுபாவர் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தம் யந்திரத்தை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியபோது, தீப்பொறி என்பதே வேண்டாம், காற்றைப் போதிய அளவு நெருக்கினால் அதில் பிறக்கும் உஷ்ணமே எண்ணெயைப் பற்றவைத்துவிடும் என்ற சித்தாந்தத்தை உலகத்துக்கு நிரூபித்தார். சித்தாந்தம் அப்பழுக்கற்றது. ஆனால் இரவெல்லாம் பனியில் கிடந்த இரும்புக்குச் சித்தாந்தத்தில் மரியாதை இல்லை. நெருக்கத்தில் பிறந்த உஷ்ணத்தைப் பிறந்த க்ஷணமே அது உறிஞ்சிக்கொள்கிறது. போதாக்குறைக்குக் குளிரில் எஞ்சின் ஆயில் தடித்துப் போகிறது; பாட்டரியும் சோர்ந்து போகிறது; செல்ஃப் மந்தமாகச் சுற்றுவதால் நெருக்கமே குறைந்துவிடுகிறது. ஆகவேதான் என் வண்டியில், எண்ணெய் பற்றும் இடத்தையே கரண்டால் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகள் வைத்திருக்கிறார்கள்.

‘அப்படியானால் நம் லாரிகளுக்கு ஹீட்டர் பிளக் ஏனில்லை?’ என்று தாங்கள் கேட்கமாட்டீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து இக்கடிதத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் சின்னவன் கேட்பான். நம் லாரிகளில் நாசில் எண்ணெயை நேரே பிஸ்டனின் தலைமேல் பீய்ச்சுகிறது. என் வண்டியிலோ ஹெட்டுக்குள் தனியாக ஒரு சிற்றறை கட்டி, அதற்குள் பீய்ச்சுகிறார்கள். அதனால் ஓட்டம் மிருதுவாக இருக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் அறை சிறிது, சுவர் அதிகம், ஆகவே உஷ்ணச் சேதமும் அதிகம். அதை ஈடு செய்யத்தான் 21.5-க்கு ஒன்று என்ற கடுமையான நெருக்கமும், அதற்கு மேலும் அறைக்கு ஒன்றாக எட்டு ஹீட்டர் பிளக்குகளும். இங்கே இவற்றை க்ளோ பிளக் என்கிறார்கள். நம் பக்கத்து அம்பாசிடர் டீசல் காரிலும் இது இருந்தது. ஏற்காட்டில் ஓர் இரவு தங்கினாலொழிய அதைப் பற்றி எவரும் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை.

வண்டி படுத்தது கடுங்குளிரில் அன்று. இதுதான் இக்கதையின் விசேஷம். அக்டோபர் கடைசியில், பூஜ்யத்திற்குக் கீழே ஐந்து டிகிரி என்ற, இவ்வூரார் வசந்தம் என்றே கருதக்கூடிய ஓர் இரவு கழிந்த காலையில், செல்ஃப் சுற்றச் சுற்ற, பின்னால் வெள்ளைப் புகை மட்டும் தெருவை மறைத்துக்கொண்டு கிளம்பியதே தவிர, எஞ்சின் ஒரு முறைகூட இருமவில்லை.

பட்டறையில் சங்கதியைச் சொன்னதும் அபிப்பிராயங்கள் பெருகின. பாட்டரி போயிற்று என்றார் ஒருவர். பம்பு போயிற்று என்றார், பம்பின் விலையை அறிந்தும் கூசாமல் சொல்லக்கூடிய இன்னொருவர். மூன்றாமவர், ஹீட்டர் பிளக்குகளின் கண்ட்ரோல் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு பட்டன் வைத்துக்கொள், வேண்டிய மட்டும் அழுத்து என்றார். நான்காமவர் ஈதர் டப்பா ஒன்றை அன்பளிப்பாகவே கொண்டுவந்து கையில் வைத்தார். காற்று போகும் வாயில் இரண்டு முறை பீய்ச்சினால் செத்த வண்டியும் எழுந்திருக்கும் என்பது அவர் வாக்கு. எழுந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஹீட்டர் பிளக் சிவக்கச் சூடேறியிருக்கும் எஞ்சினுக்குள் ஈதரை அனுப்பினால், பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே அது வெடித்து, பிஸ்டனையும் ரிங்கையும் உடைத்துவிடக் கூடும். அன்பளிப்பை நன்றியுடன் திருப்பிக் கொடுத்தேன்.

இவர்களில் எவரும் எதையும் அளந்து பார்க்கச் சொல்லவில்லை என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள்.

அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். முன்னோர் உக்ரேன் தேசத்திலிருந்து வந்து இந்தச் சமவெளியில் கோதுமை பயிரிட்டவர்கள். நிலத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு நகரத்துக்கு வந்தும், மேலங்கியின் பையில் டெஸ்ட் லாம்ப் ஒன்றை, நம் தாத்தா பொடி டப்பா வைத்திருந்த பக்தியோடு வைத்திருப்பவர். நாளொன்றுக்கு இருபது வார்த்தைகளுக்கு மேல் அவர் செலவழித்து நான் கேட்டதில்லை. அவர் வந்தார், புகை வருகிறதா என்று கேட்டார், வெள்ளையாக வருகிறது என்றேன். அந்த ஒரு கேள்வியிலேயே பம்பின் மேலிருந்த பழி நீங்கிற்று. எண்ணெய் வந்து சேராவிட்டாலும், குழாயில் ஏர் எடுத்தாலும் புகையே இராது. வெள்ளைப் புகை என்றால் எண்ணெய் வந்துவிட்டது, எரிக்கும் உஷ்ணந்தான் வரவில்லை. அப்புறம் பாட்டரியில் மீட்டரை வைத்து, செல்ஃப் சுற்றும்போதும் பத்து வோல்டுக்குக் கீழே இறங்கவில்லை என்று கண்டு, பாட்டரியையும் விடுதலை செய்தார்.

பிறகு சாவியைத் திருப்பச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ‘பொறு’ என்று சொல்லும் டாஷ்போர்டு விளக்கு பத்து விநாடி அளவாவது எரிய வேண்டியது, ஒரு விநாடியில் அணைந்துவிட்டது. அணைந்த கையோடு எஞ்சினுக்கு மேல் பின்புறமாக உள்ள ரிலே, டிக் டிக் டிக் என்று ஓயாமல் அடித்துக்கொள்ளத் தொடங்கிற்று. ரிலே கெட்டுவிட்டது என்றுதான் எவரும் சொல்லுவார்கள். கடைக்காரரும் மகிழ்ச்சியோடு புதிய ரிலேயை விற்றுவிடுவார். பெரியவர் தலையை அசைத்தார். ரிலேயோடு சேர்ந்த பெட்டியில் வளைந்து வளைந்து போகும் ஒரு தகடு இருக்கிறது. எட்டு பிளக்கின் கரண்டும் அதன் வழியாகவே போக வேண்டும். போகும் கரண்டின் அளவைக் கொண்டு பிளக் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று பெட்டி ஊகிக்கிறது. சூடேறச் சூடேற பிளக் கரண்டைக் குறைத்துக்கொள்வது இயல்பு. பாதி பிளக் செத்துவிட்டாலும் கரண்டு குறைகிறது. ஆகவே எல்லாம் சூடாகிவிட்டதென்று நம்பிப் பெட்டி கையை எடுத்துவிடுகிறது. தனக்குக் கிடைத்த சாட்சியத்தின்மேல் அது நியாயமாகவே தீர்ப்புச் சொல்கிறது. பொய் சொன்னவை பிளக்குகள்.

ஒவ்வொரு பிளக்கின் ஒயரையும் பிடுங்கி, டெஸ்ட் லாம்பின் கிளிப்பை பாட்டரியின் பாஸிட்டிவில் மாட்டி, அதன் ஊசியை பிளக்கின் தலையில் வைத்தோம். பிளக் உயிரோடிருந்தால் அதன் வழியாக எர்த் கிடைத்து விளக்கு எரியும். இடப்பக்கம் நான்கில் இரண்டு எரிந்தன, வலப்பக்கம் ஒன்று. மீட்டரை வைத்து மறுபடியும் பார்த்தோம்: நல்லவை இரண்டு ஓமுக்குள் காட்டின, மற்ற ஐந்தும் முற்றும் துறந்த நிலையில் எதையுமே காட்டவில்லை.

மூன்று பிளக்கோடு இந்த வண்டி போன குளிர்காலம் முழுவதும் எப்படி ஓடிற்று என்ற கேள்வி தங்களுக்கும் எழும். வெந்நீர்தான் காரணம். கடுங்குளிரில் இரவு தவறாமல் ஒயரைச் செருகிவிடுவதால் எஞ்சின் வெதுவெதுப்பாகவே இருந்து, பிளக்குகளின் உதவியில்லாமலே கிளம்பிக்கொண்டிருந்தது. ஐந்து டிகிரிக் குளிருக்கு எவரும் ஒயர் செருகுவதில்லையாதலால், அந்தச் சாதுவான இரவில் குட்டு வெளிப்பட்டது.

கழற்றுவதுதான் பெரிய தொல்லை. எரிந்துபோன பிளக்கின் நுனி சில சமயம் வீங்கிக்கொள்கிறது. வந்த துவாரத்தின் வழியே திரும்பிவர மறுக்கிறது. ஆத்திரப்பட்டுத் திருகினால் நுனி ஒடிந்து சிற்றறைக்குள் விழும். அப்புறம் நாசிலையும், அதிர்ஷ்டம் இல்லையென்றால் ஹெட்டையுமே கழற்ற வேண்டியதுதான். எஞ்சின் சற்றுச் சூடாயிருக்கும்போது, கொஞ்சம் எண்ணெய் விட்டு, அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே என்று பெரியவர் கொஞ்சிக் கொஞ்சி எடுத்த நேரத்தில், என் விரல்கள் என்னுடையவையாக இருப்பதை நிறுத்திவிட்டன. பட்டன் வைக்கும் யோசனையைப் பற்றியும் அப்போதுதான் வாய் திறந்தார். இந்தப் பிளக்குகள் சீக்கிரம் சூடேறுவதற்காகவே குறைந்த வோல்டுக்குச் செய்யப்பட்டு, பன்னிரண்டு வோல்டில் சொற்ப நேரம் வேலை வாங்கப்படுகிறவை. பட்டனில் விரலை வைத்துக்கொண்டு ஏதாவது யோசனையில் ஆழ்ந்தால் எட்டும் ஒருங்கே வீங்கும். செத்தவை ஐந்தேயானாலும் எட்டையும் மாற்று என்பது அவர் கட்டளை. மற்ற மூன்றுக்கும் அதே வயதுதானே என்றார். தளர்ந்துபோன ஒயர் முனைகளையும் நெருக்கிவிட்டு, மரையில் துளி மசகு தடவிப் புதியவற்றைப் பூட்டினோம். இப்போது விளக்கு முறையாக எரிந்து அணைகிறது. ரிலே நிதானமாகப் பேசுகிறது. எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்கிறது. கண்ட்ரோல் பெட்டி பழையதே.

பெரியவர் கூலி எதுவும் வாங்கவில்லை. வீட்டில் செய்த அரிசி முறுக்கு ஒரு டப்பா கொடுத்தோம். மறுநாள் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தபோது, காலியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அதை விண்ணப்பமாக எடுத்துக்கொண்டு என் மனைவி மறுபடி சுற்றிக்கொண்டிருக்கிறாள். ஆகையால் அத்தை தயவுசெய்து முறுக்கு அச்சில் மெல்லிய வில்லை ஒன்றை, வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்ப வேண்டும்.

வருகிறவர் சின்னவனாகவே இருக்கலாம். ஜனவரியில் வந்து பனியைப் பார்க்க வேண்டுமென்று அவன் எழுதியிருக்கிறான். ஜூலைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஜூலையில் இவ்விடத்தில் நல்ல வெயிலும் இருக்கிறது, நம் ஊர்க் கொசுவைத் தோற்கடிக்கும் கொசுவும் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகன்