ஐந்து தோட்டா

1962 சீனப் போருக்குப் பிறகு, கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமானது. 1964இல் ஆனைக்குட்டத்திலிருந்து விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரிக்குப் படிக்கப் போன எனக்கும் கஞ்சி போட்ட காக்கிச் சட்டையும் கனத்த பூட்ஸும் வந்து சேர்ந்தன. 'சாவ்தான்', 'விஸ்ராம்' என்ற இந்திக் கட்டளைகள் மீது மாணவர்களுக்கு இருந்த கோபம் நியாயமானது. 1968 ஜனவரியில் சட்டமன்றமே அவை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அணிவகுப்பு என் மனதில் ஒட்டவில்லை.

ஒட்டியது சுடுதளம். பாயிண்ட் டூ டூ ரைபிள், ஆளுக்கு ஐந்து தோட்டா. அந்த ஐந்துக்கு எவ்வளவு கட்டுப்பாடு! சிவப்புக் கொடி பறக்கும்போது குறிப்பலகைப் பக்கம் ஓர் ஆள் நடமாடக் கூடாது. ஹவில்தார் சொல்லாமல் விரல் விசைக்குப் போகக் கூடாது. சுட்டு முடித்ததும் காலித் தோட்டாவை எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் எல்லோரும் புல்லுக்குள் தேடுவோம். எவனுக்காவது ஆபத்து என்று பட்டால் 'நிறுத்து' என்று கத்தலாம், ஏன் கத்தினாய் என்று யாரும் திட்ட மாட்டார்கள். மீசை முளைக்காத பையனுக்கும் அந்த உரிமை இருந்தது.

கட்டாய என்.சி.சி. 1968லேயே போய்விட்டது. வெடிமருந்து எங்கள் பக்கத்தை விட்டுப் போகவில்லை. இங்கே பட்டாசு ஆலைகளிலும் விதிகள் உண்டு. ஓர் அறைக்கு நான்கு பேர்தான். கலந்த மருந்தை அன்றன்றே தீர்க்க வேண்டும். ஆனால் உள்குத்தகைக்கு விட்ட ஆலைகளில், தீபாவளி நெருங்கும்போது, மரத்தடியில்கூட உட்கார்ந்து மருந்து செலுத்துகிறார்கள். மருந்துக்கு ஓர் உராய்வு போதும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில் ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் போனார்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளத்தில் இன்னொரு வெடிவிபத்து. செத்தவர்களில் பலர் அன்றாடக் கூலிக்கு வந்தவர்கள்.

அறையில் ஐந்தாவது ஆள் வந்து உட்காரும்போது 'நிறுத்துங்க' என்று ஓர் அக்கா சொன்னால், மறுநாள் அவருக்கு வேலை இருக்குமா? விளையாட்டாகச் சுட்டுப் பழகிய எங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு, பிழைப்புக்காக மருந்தைத் தொடுகிறவர்களுக்கு இல்லை என்பது அநியாயம்.

பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம் எங்கள் ஆனைக்குட்டத்திலேயே இருக்கிறது. அதிகாரிகளையும் ஆலை முதலாளிகளையும் கேட்டுக்கொள்கிறேன்: பயிற்சியைப் போர்மேனோடு நிறுத்தாமல், மருந்தைத் தொடும் ஒவ்வொருவருக்கும் அங்கே கூலியோடு கொடுங்கள். ஆபத்து என்று பட்டால் வேலையை நிறுத்தும் உரிமையை எழுத்தில் கொடுங்கள்.