சிங்கம் வராத பயணக் கட்டுரை

தார் எஸ் சலாம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முட்டிவலி தேவலையா?

"பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் ஊர்ப்பக்கம் பிறந்துவிட்டு, ஆப்பிரிக்காவில் உட்கார்ந்து வெறும் பேரேடு எழுதிக்கொண்டிருக்கிறாயே, பயணக் கட்டுரை எழுதடா" என்று போனில் கடிந்துகொண்டீர்கள். எழுத ஆரம்பித்துவிட்டேன். ஆனால் நீங்கள் முன்கூட்டியே வைத்துவிட்ட 'சிங்கங்களின் நடுவே' என்ற தலைப்புதான் இடிக்கிறது. நான் குடியிருப்பது ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில். என்னைச் சுற்றி இருப்பவை சிமெண்ட் மூட்டைகள்.

நம் வீட்டில் ஆப்பிரிக்கா என்றால் ஒரே ஊர். நைஜீரியாவில் கலவரம் என்று டிவியில் சொன்னால் பெரியத்தை எனக்குப் போன் போட்டு, "கதவைச் சாத்திக்கொண்டு படு" என்கிறார். லாகோஸ் இங்கிருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல். இதே கண்டத்திலிருக்கும் செனகல் நாட்டு டக்காரைவிட, கடல் தாண்டியிருக்கும் சென்னை எனக்குப் பக்கம். தான்சானியா மட்டுமே தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்கு. முதல் அத்தியாயத்தில் இதை எழுதினேன். படித்துவிட்டு, "சரி, சிங்கம் எங்கே?" என்று தம்பி கேட்டான்.

இரண்டாம் அத்தியாயம் மணி பற்றியது. இங்கே பொழுது விடிவதிலிருந்து கணக்கு. நம் காலை 7 மணி இவர்களுக்கு 1 மணி. உதயாதி நாழிகை பார்த்து ஜாதகம் கணிக்கும் உங்களுக்கு இது புரிந்துவிடும். கைக்கடிகாரம் கட்டிய எனக்குத்தான் தகராறு. விடிகாலை 6 மணி பஸ்ஸை டிக்கெட் கொடுப்பவர் "12 மணி" என்பார். அதை நம்பி உச்சிவெயிலில் பெட்டியோடு வந்து நிற்கும் வெளியூர்க்காரர் விசாரிக்கும்போது, அவருடைய பஸ் பாதி நாட்டைக் கடந்திருக்கும். ஆகவே இங்கே யார் மணி சொன்னாலும், "உங்கள் மணியா, இங்கிலீஷ் மணியா?" என்று கேட்டுவிட வேண்டும்.

இந்த ஊரின் எம்பெசி பகுதியில் 2021இல் திறந்த பெரிய பஸ் நிலையத்திலிருந்து இரிங்காவுக்குப் போவதுதான் எனக்குப் பிடித்த பயணம். மொரோகொரோ தாண்டியதும் நெடுஞ்சாலை மிக்குமி தேசியப் பூங்காவுக்குள்ளேயே 50 கிலோமீட்டர் போகிறது. பூங்காவைச் சுற்றிப் பார்க்க வெளிநாட்டுக்காரன் கட்டணம் கட்ட வேண்டும். பஸ் டிக்கெட் எடுத்தவனுக்கு ஜன்னலோரம் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் இலவசம். எந்த மிருகத்தின் மேல் வண்டியை ஏற்றினால் எவ்வளவு அபராதம் என்று சாலையோரம் பலகை வைத்திருக்கிறார்கள். மிருகத்துக்கு மிருகம் தொகை வேறு. எனக்குத் தோன்றியது இதுதான்: நம்மூர்ப் பாதசாரிக்கும் இப்படி ஒரு பலகை வைத்தால் நன்றாயிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், பஸ்ஸில் வெளியே பார்ப்பவன் நான் ஒருவன்தான். மற்ற எல்லோரும் டிரைவர் தலைக்கு மேலே டிவியில் ஓடும் படத்தில் ஆழ்ந்திருப்பார்கள். பக்கத்து சீட்டு அம்மாள், நான் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து எம்பி எழுந்ததும், பரிதாபமாக ஒரு பார்வை பார்த்தார். அது இவர்களுடைய தேசிய விலங்கு. ஆனால் படத்தில் அப்போது கல்யாணம் நிற்கப்போகும் கட்டம்.

பஸ் நின்றதும் ஜன்னலுக்குக் கீழே கைகள் முளைக்கும். முந்திரிப் பொட்டலம், வாழைப்பழம், தண்ணீர் பாட்டில். என் ஓட்டு அவித்த முட்டைக்காரப் பையனுக்குத்தான். பஸ் நகர ஆரம்பித்த பிறகும் பதறமாட்டான். கூடவே நடந்தபடி ஓட்டை உரித்து, முட்டையை நடுவில் கீறி, கச்சும்பரி என்கிற தக்காளி வெங்காயப் பச்சடியை உள்ளே திணித்து, உப்பு தூவி, காகிதத்தில் வைத்து நீட்டுவான். சில்லறை வாங்கும்போது ஓடிக்கொண்டிருப்பான். முந்திரியில் மட்டும் ஒரு மனத்தாங்கல். இங்கே விளைவதில் பெரும்பங்கு ஓட்டோடு கப்பலேறி இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் போய்விடுகிறது. ஆகவே, "அங்கேதானே விளைகிறது, பத்து கிலோ வாங்கி வா" என்று அத்தைகள் யாரும் சொல்ல வேண்டாம்.

சரி, சிங்கம். ங்கொரோங்கொரோவில் பார்த்தேன். எரிமலை உள்வாங்கி உண்டான பள்ளம். ஆழம் 600 மீட்டர், பரப்பு 260 சதுர கிலோமீட்டர். ஜீப் டிரைவர்கள் ஒருவருக்கொருவர் ரேடியோவில் சுவாஹிலியில் துப்புக் கொடுத்துக்கொள்கிறார்கள். ஒரு டிரைவர் கண்டால் போதும், புழுதி பறக்க எல்லா ஜீப்பும் அங்கே கூடிவிடும். கூடினோம். புல்லில் மஞ்சளாக ஏதோ கிடந்தது. காது மட்டும் ஒருமுறை ஆடியது. சிங்கம் நாளில் 20 மணி நேரம்வரை தூங்குமாம்; மீதி நேரத்தில் நான் போயிருக்கக் கூடாதா? வண்டியைவிட்டு இறங்கவும் அனுமதியில்லை. அதை எழுப்பாமல் திரும்பினோம். அனுப்பியிருக்கும் படத்தில் இடது ஓரம் தெரிவது சிங்கம், கல் அல்ல.

கிளிமஞ்சாரோவை (5,895 மீட்டர்) மோஷியிலிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. மேகம் வழிவிட்டது விடிகாலையில் மட்டுமே. சான்சிபாருக்குக் கப்பலில் போய் வந்தேன், கிராம்பு வாங்கினேன். 2024இல் ஓட ஆரம்பித்த மின்சார ரயிலில் மொரோகொரோவுக்கு இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் முட்டைக்காரன் ஏற முடியாது, அதனால் எழுதவும் ஒன்றுமில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சித்தி கவலைப்பட வேண்டாம். உகாலி என்கிற மக்காச்சோளக் களி, பயறுக் குழம்பு, கீரை. எல்லாவற்றையும்விட, சாப்பிடும் முன் தண்ணீரும் பேசினும் கொண்டுவந்து கைகழுவ ஊற்றும் மரியாதை.

மூன்று அத்தியாயம் தபாலில் வருகிறது. சந்திப்பிழைகளைத் திருத்துங்கள், சிங்கத்தைச் சேர்க்காதீர்கள். நீங்கள் இருவரும் வருவதாயிருந்தால் ஜூனிலிருந்து அக்டோபருக்குள் வாருங்கள், மழை இருக்காது. 2019 முதல் இங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை. விமான நிலையத்திலேயே வாங்கிவிடுவார்கள். சித்தி சுடும் முறுக்கைத் துணிப்பையில் கட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

தங்கள் அன்புள்ள,
முத்து