குரல் வளம்: அடுக்களைக் கொள்கையும் குளியலறைக் கொள்கையும்

கொலுவுக்குப் போன இடத்தில் பாடச் சொன்னால் ‘தொண்டை கட்டியிருக்கு’ என்று சொல்வது நெடுநாள் மரபு. இந்தப் பதில் எல்லாப் பருவங்களிலும், எல்லா வயதினரிடமும், தொண்டையின் உண்மை நிலையோடு யாதொரு தொடர்பும் இன்றிக் கிடைக்கிறது. ஆயினும் அதைக் கேட்ட மாத்திரத்தில் வீட்டம்மாள் உள்ளே போய் ஒரு டம்ளரோடு திரும்புகிறார். அந்த டம்ளரில் இருப்பது குறித்தும், அது எங்கே போய்ச் சேர்கிறது என்பது குறித்தும் தமிழில் இதுவரை முறையான ஆய்வு நடைபெறவில்லை.

குரலைத் தேற்றும் வழிகளை ஆராயப் புகுவோர் முதலில் சந்திப்பது அடுக்களைக் கொள்கை. நல்ல குரல் என்பது உள்ளே போகும் பொருளின் பயன் என்பது இதன் அடிப்படை. மிளகும் பனங்கற்கண்டும் இட்ட பால், அதிமதுரத் துண்டு, சித்தரத்தைக் கஷாயம், கற்பூரவல்லி இலை, வித்வான்கள் கடைவாயில் அடக்கிக்கொள்ளும் வால்மிளகு என இதற்குச் சான்றுகள் பல. ஆடாதோடைக்குப் பழமொழியே உண்டு. பாடாத நாவையும் அது பாட வைத்துவிடுமாம். சில நாவுகள் பாடாமலிருப்பதே தெருவுக்கு நல்லது என்ற எதிர்வாதத்தை மூலிகை நூலார் பொருட்படுத்தவில்லை.

இக்கொள்கையின் சிகரம் கழுதைப் பால். கழுதையைத் தெருத்தெருவாக ஓட்டிவந்து, வாசலிலேயே கறந்து, ஒரு சங்கு அளவு விற்பவர்கள், ‘புள்ளைக்குக் குரல் கணீர்னு வரும்’ என்று உறுதி கூறுகிறார்கள். உலகிலேயே அதிகமாகக் கழுதைப் பால் குடித்து வளரும் உயிர் கழுதைக் குட்டிதான். வளர்ந்த பிறகு அதன் குரல் எப்படி இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியும். ‘கணீர்’ என்ற வாக்குறுதி நிறைவேறியிருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுக்களைக் கொள்கைக்கு உள்ள ஒரே தடை உடற்கூறு. குரல்வளைக்குள் இருக்கும் குரல் நாண்கள் பெரியவர்களுக்கும் 1 முதல் 2.5 செ.மீ. நீளத்துக்குள் அடங்கிவிடும் இரண்டு மடிப்புகள். பேசும்போது ஆணுக்கு விநாடிக்கு நூற்றுச் சொச்சம் முறையும், பெண்ணுக்கு ஏறத்தாழ 200 முறையும் அதிர்கின்றன. இவை குடியிருப்பது மூச்சுப் பாதையில். விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்புகிறது, அதன் மூடி சாய்ந்து அடைக்கிறது, நாண்களும் ஒட்டிக்கொள்கின்றன. பால் பின்பக்கத்து உணவுக்குழாய் வழியே இரைப்பைக்கு இறங்கிவிடுகிறது. எந்த உறுப்புக்காகப் பனங்கற்கண்டு தட்டிப் போடப்பட்டதோ, அந்த உறுப்பு அதைக் கண்ணால் கண்டதில்லை. எப்போதாவது ஒரு சொட்டு வழி தவறி உரிய இடத்துக்குப் போய்விடுவது உண்டு. அதற்குப் பெயர் புரையேறுதல். உடல் அந்தச் சொட்டை இருமித் துரத்துகிறது. வீட்டார் உச்சந்தலையில் தட்டி, ‘யாரோ நினைக்கிறாங்க’ என்கிறார்கள். தொல்காப்பியரும் பிறப்பியலில் ஒலிக்கான காற்று உந்தியில் தொடங்குகிறது என்று கூறி, தலை, மிடறு, நெஞ்சு முதலாக எட்டு இடங்களைக் காட்டுகிறார். டம்ளர் அந்தப் பட்டியலில் இல்லை.

மூலிகையின் இதம் பொய் என்று சொல்ல வரவில்லை. வாய்க்கும் மேல்தொண்டைக்கும் இதமாகத்தான் இருக்கும். குடித்த தண்ணீரும் ரத்தத்தில் கலந்து சுற்றி வந்து ஒரு வழியாக நாண்களை ஈரமாக்கும். ஆனால் அவசரத்துக்கு வராது. ஆகவே கச்சேரி மேடையில் பாடகரின் பக்கத்தில் வீற்றிருக்கும் பிளாஸ்க்கை வேறு கோணத்தில் அணுக வேண்டியிருக்கிறது. பாடகர் ஆலாபனையை முடித்து, வயலின்காரர் ராகத்தைக் கையில் எடுத்த பிறகே அது திறக்கும் என்பதை மார்கழி சீசனில் எவரும் சரிபார்க்கலாம். மூடியை நிதானமாகத் திருகுவது, ஆவி பறக்க ஊற்றுவது, நடுவில் வயலினுக்கு ஒரு ‘பலே’, பிறகு ஒரு மடக்கு. இங்கே மருந்தாக வேலை செய்வது ஓய்வுதான். பிளாஸ்க் காலியாக இருந்தாலும் பலன் குறையாது என்பது எங்கள் துணிபு. அதைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்கும் துணிவு மட்டும் எங்களுக்கு இல்லை.

அடுத்தது குளியலறைக் கொள்கை. இதற்கு நூலும் இல்லை, உரையும் இல்லை. பின்பற்றுவோர் மட்டும் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார். ஆவி மூச்சோடு போவது. பாலுக்கு எட்டாத நாண்களை வெந்நீர் ஆவி நேராகத் தொட்டுவிடுகிறது. டைல்ஸ் பதித்த சுவரோ ஒலியை விழுங்காமல் திருப்பித் தருகிறது. மெலிந்த குரலும் அங்கே சதை போடுகிறது. எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் தம் இடைவெளிக்கு ஏற்ற ஒரு சுருதியைத் தூக்கிக் கொடுக்கும். அகலம் 4 அடி 4 அங்குலமானால் அந்தச் சுருதி விநாடிக்குச் சுமார் 130 அதிர்வு. இது பாடகர்கள் பலருக்கு உகந்த ஒரு கட்டை. வீடு கட்டுவோர் இதை மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம். பெண்களுக்கு உகந்த 5 கட்டைக்கு 2 அடி 10 அங்குலம் போதும் என்று கணக்கு வருகிறது. அதற்குள் நின்று தலைக்கு ஊற்றிக்கொள்ள முடியாது. இரட்டித்து 5 அடி 9 அங்குலம் வைத்தாலும் அதே சுருதி எழும் என்பது இயற்பியலின் பெருந்தன்மை. ஆக, அகலம் கணவனுக்கு, நீளம் மனைவிக்கு என்று கட்டினால் ஒரே குளியலறையில் இருவரின் சாதகமும் நடக்கும். சேர்ந்து பாடாமல் இருந்தால் சரி.

மூன்றாவது வழியும் உண்டென்று ஒரு சாரார் சொல்கிறார்கள். புரந்தரதாசர் வகுத்துத் தந்ததாக வழங்கும் சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் மூன்று காலத்திலும் பாடுவது. விடியற்காலையில் எழுந்து மந்தர ஸ்தாயியில் அகார சாதகம் செய்வது. அதையும் தினந்தோறும் செய்வது. இளமையில் குரல் ஒத்துழைக்காத செம்மங்குடி சீனிவாச ஐயர் இந்த வழியே போய் 1947-இல் சங்கீத கலாநிதி ஆனார் என்று சான்றும் காட்டுகிறார்கள். ஒருவரை வைத்துப் பொதுவிதி அமைப்பது ஆய்வு நெறி ஆகாது. மேலும் இந்த வழியில் குடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. இதனால்தான் இது மக்களிடம் பரவவில்லை போலும்.

குளியலறைக் கொள்கைக்கும் ஓர் இடர் இருக்கிறது: கதவு. பல்லவியை இரண்டாம் முறை எடுக்கும்போது வெளியிலிருந்து ஒரு தட்டல். அனுபல்லவிக்குள் நுழையும்போது, ‘டாங்க்ல தண்ணி தீரப்போவுது’ என்று ஒரு குரல். நம்மவர் பலருக்கு எந்தப் பாட்டிலும் பல்லவி மட்டுமே தெரிந்திருப்பதற்கு இதுவே காரணம் எனக் கருத இடமுண்டு. சரணம் வரை தெரிந்தவர்கள் இரண்டு குளியலறை உள்ள வீட்டுக்காரர்களா என்பது மேலும் ஆராயத்தக்கது.